கல் அவருக்கு, காணி அவர் வீட்டுக்கு!

டிசம்பர் மாதம் 7-ந் தேதி. பள்ளிக்கூடத்தில் ஒரு தகர உண்டியல் வகுப்பு வகுப்பாக வருகிறது. அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்த காசைப் பிள்ளைகள் போடுகிறார்கள். காசு போட்ட பிள்ளையின் சட்டையில் ஆசிரியர் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்தி விடுகிறார்.

கொடியில் மூன்று நிறம். சிவப்பு, தரைப்படை. கருநீலம், கடற்படை. வெளிர்நீலம், விமானப்படை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேட்கிறது: "அம்மா, நான் போட்ட காசு யாருக்குப் போகும்?"

அம்மா, அப்பாவைக் கேட்கச் சொல்கிறாள். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "பட்டாளத்துக்குப் போகும்" என்கிறார்.

அது பாதிப் பதில்தான்!

அந்தக் காசில் துப்பாக்கி வாங்குவதில்லை. குண்டு வாங்குவதில்லை. அதற்கெல்லாம் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் இருக்கிறது. உண்டியல் காசு போவது, துப்பாக்கி பிடித்தவரின் வீட்டுக்கு. போரில் இறந்தவரின் மனைவிக்கு. கால் இழந்து திரும்பியவருக்கு. ஓய்வு பெற்று வந்து வேலை தேடும் முன்னாள் சிப்பாய்க்கு.

1949-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, பாதுகாப்பு மந்திரியின் தலைமையில் கூடிய குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7-ந் தேதியைக் கொடி நாளாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. நாடு விடுதலை பெற்று அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. காஷ்மீர்ச் சண்டை ஓய்ந்தது அந்த வருஷப் பிறப்பில்தான். சண்டை ஓய்ந்த உடனே இந்த யோசனை எழுந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். போர் முடிந்தால் பத்திரிகையில் செய்தி முடியும். வீட்டில் அப்போதுதான் கஷ்டம் தொடங்கும்.

செங்கத்துக் கற்கள்

இது ஏதோ வெள்ளைக்காரர் காலத்தில் வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் இது மிகப் பழையது.

திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும், ஏரிக்கரையிலும், புதர் நடுவிலும் ஒரு கல் நிற்கும். கையில் வில்லோ வாளோ பிடித்த வீரன் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் நடுகல். ஊரைக் காக்க, மாட்டை மீட்க, சண்டை போட்டு இறந்தவனுக்கு ஊரார் நட்ட கல். சில ஊர்களில் அதை 'வேடியப்பன்' என்று சொல்லி இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். செங்கம் வட்டாரத்தில் மட்டும் ஏராளமான கற்கள் கிடைத்தன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை.

எடத்தனூர் என்ற ஊரில் உள்ள கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது. எருமைக் கூட்டத்தைக் காக்கச் சண்டை போட்டு இறந்த வீரனுக்கு நட்டது. வீரன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது! அதன் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துவிட்டுக் காவல் காத்து நின்றதாம் அந்த நாய். நாயின் பெயரைக்கூட மறக்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இது கல்லின் கதை. இதைப் பலரும் சொல்வார்கள். இன்னொரு கதை இருக்கிறது. அதை அதிகம் பேர் சொல்வதில்லை.

பழைய கல்வெட்டுகளில் 'உதிரப்பட்டி' என்று ஒரு சொல் வரும். உதிரம் என்றால் இரத்தம். பட்டி என்றால் நிலம். போரில் இறந்தவனுடைய வாரிசுகளுக்குக் கொடுத்த நிலம் அது. கல் நட்டதோடு ஊர் கையைத் தட்டிக்கொண்டு போய்விடவில்லை. இறந்தவனின் பிள்ளைகள் எதை உழுது, எதை அறுத்து, எதைச் சாப்பிடுவார்கள் என்றும் யோசித்திருக்கிறது.

கல் அவருக்கு. காணி அவர் வீட்டுக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் மரியாதை.

இன்னொன்றும் பாருங்கள். கொடுத்தது பொற்கிழி இல்லை. நிலம். பொன் இருந்தால் ஒரு வருஷத்தில் கரையும். சொந்தக்காரர் கடன் கேட்பார். அண்ணன் தம்பி பங்கு கேட்பார். நிலம் அப்படி இல்லை. வருஷா வருஷம் விளையும். அந்தக் காலத்து மனிதர்கள் விவரமானவர்கள்!

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை நாம் எல்லாரும் அறிவோம். போரில் சொந்தங்களை இழந்த பிறகும், இருந்த ஒரே மகனைத் தலை வாரி, வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பியவள். மேடைக்கு மேடை அவளைப் புகழ்கிறோம். அந்த மகனும் திரும்பி வராவிட்டால் அவளுக்குச் சோறு போட்டது யார்? இதை மேடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெயர் போய் எண் வந்தது

வெள்ளைக்காரர் ஆட்சியில் முதல் உலகப் போர் வந்தது. பிரான்சிலும், மெசபடோமியாவிலும், ஆப்பிரிக்காவிலும் இந்தியச் சிப்பாய்கள் போரிட்டார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

போர் முடிந்ததும், ஆள் கொடுத்த ஊர்களில் அரசாங்கம் ஒரு சின்னக் கல்வெட்டுப் பதித்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். யார் போனார், யார் இறந்தார்? பெயர் கிடையாது. வெறும் எண்!

கோவிவன் என்ற நாய்க்குப் பெயர் இருந்தது. இவர்களுக்கு இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. டில்லியில் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு உயிர் கொடுத்த சுமார் 26,000 வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொன்னிற எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஜெனரலுக்குப் பெரிய எழுத்து, சிப்பாய்க்குச் சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. சாயங்காலத்தில் இறந்த வீரர் ஒருவரின் குடும்பத்தாரை அழைத்து மலர் வளையம் வைக்கச் செய்கிறார்கள். சென்னையிலும் கோட்டைக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போருக்காகக் கட்டியது. பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

தந்திக்காரர் வந்தார்

முன்பெல்லாம் போர்முனையில் ஒருவர் இறந்தால் வீட்டுக்கு ஒரு தந்தி வரும். தந்தி என்றாலே ஊர் நடுங்கும். வீட்டில் இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியாது. தந்தியோ இங்கிலீஷில் இருக்கும். வாத்தியாரைத் தேடி ஓடுவார்கள். அவர் பிரித்துப் படிப்பார். படிக்கத் தெரிந்த அந்த மனிதர்தான் முதலில் அழ வேண்டி வரும்!

உடல் வராது. 1962-லும், 1965-லும், 1971-லும் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே தகனம் நடந்துவிடும். முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பாக்கியம்கூட வீட்டாருக்குக் கிடைக்காது.

கடலில் போனவர்களின் கதை இன்னும் கொடுமை. 1971 டிசம்பர் 9-ந் தேதி அரபிக்கடலில் 'குக்ரி' என்ற நமது போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் கப்பலோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் தம் கப்பலை விட்டு இறங்கவில்லை. அவர்களுக்கு டையூ தீவில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வீட்டாருக்கு அழ ஒரு பிடி சாம்பல் கிடையாது.

1999-ல் கார்கில் போர் வந்தது. அப்போதுதான் இறந்த வீரர்களின் உடல்களை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பி வைக்கும் வழக்கம் வந்தது. கொடி போர்த்திய பெட்டி கிராமத்துத் தெருவில் இறங்கியது. ஊரே திரண்டது. மந்திரி வந்தார், கலெக்டர் வந்தார், துப்பாக்கி முழங்கியது. போர் என்றால் என்னவென்று பல கிராமங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரிலும் அப்படித்தான் நடந்தது. 2020 ஜூன் 15-ந் தேதி இரவு லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு கைகலப்பு நடந்தது. நம் வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவர் கடுக்கலூர்க்காரரான ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் ராஷ்டிரபதி பவனத்தில் அவருடைய மனைவி அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

மேஜர் முகுந்த் வரதராஜனை இப்போது குழந்தைகளுக்கும் தெரியும். 2014-ல் காஷ்மீரில் உயிர் கொடுத்தவர். அசோக சக்கரம் பெற்றவர். 2024-ல் சினிமாவும் வந்துவிட்டது. தியேட்டரில் அழாதவர் இல்லை. சினிமா வராத வீரர்களின் வீடுகள்தான் நாட்டில் அதிகம்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

துப்பாக்கி முழங்கியது. மாலை விழுந்தது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இனி அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மாதம் பிறந்தால் அவர் அனுப்பும் பணம் வராது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். வயதான மாமனாருக்கு மருந்து வாங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதோ முப்பது வயதோ இருக்கும். ராணுவ அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. அதில் இருக்கும் சொற்களில் பாதி புரியாது.

பென்ஷன் உண்டு. பலருக்கும் தெரியாத விஷயம், அது ஒரே மாதிரி இல்லை என்பது.

போரிலோ, பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையிலோ இறந்தால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளக் கணக்கு முழுவதும் குடும்பப் பென்ஷனாக வரும். பணியின் காரணமாக ஏற்பட்ட விபத்திலோ நோயிலோ இறந்தால் அதில் 60 சதவீதம். பணிக்குச் சம்பந்தம் இல்லாமல் இறந்தால் சாதாரணக் குடும்பப் பென்ஷன். தொடக்கத்தில் சில ஆண்டுகள் கூடுதலாக வந்து, பிறகு 30 சதவீதம் ஆகும்.

ஆகவே, அவர் எப்படி இறந்தார் என்று ராணுவக் காகிதத்தில் எழுதப்படும் வரி சாதாரண வரி இல்லை. அந்த வரியில்தான் வீட்டுச் சோறு இருக்கிறது! எழுதியது சரி இல்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்று ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை சென்னையிலும் உண்டு.

அடுத்தது, பெயர்த் தகராறு. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேரும்போது பையன் வாரிசு என்று தாயின் பெயரை எழுதிக் கொடுப்பான். பிறகு கல்யாணம் ஆகும். அதைப் படைப்பிரிவில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். 'பார்ட் டூ ஆர்டர்' என்று பட்டாளத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். பிள்ளை பிறந்தாலும் அப்படியே பதிய வேண்டும். லீவு முடிந்து போகிற அவசரத்தில் இது தள்ளிப் போய்விடும்.

பெண்ணின் பெயரோ நம் நாட்டில் ஒன்றாக இருப்பதில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். பாங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து. வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். நால்வரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தப் பெண் எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டும்!

பட்டாளத்தில் மகனோ மருமகனோ இருக்கிறவர்கள், அடுத்த லீவில் அவர் வரும்போது இதைக் கேட்டுவிடுங்கள். கல்யாணம் பதிவாகிவிட்டதா? பிள்ளைகள் பெயர் ஏறிவிட்டதா? மனைவியின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா? காப்பீட்டில் நாமினி யார்? இதைக் கேட்பது அபசகுனம் என்று பெரியவர்கள் வாயை மூடுவார்கள். மூட வேண்டாம். நெல் விதைக்கும்போதே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லையா?

தாயா, தாரமா?

பேசக் கூச்சமான விஷயம் ஒன்று இருக்கிறது. பணம் வந்ததும் சில வீடுகளில் சண்டையும் வரும். "பெற்று வளர்த்தது நான்" என்கிறாள் தாய். "தாலி கட்டிக்கொண்டது நான்" என்கிறாள் மனைவி. இரண்டும் நிஜம்தான்.

மணமானவர் என்றால் குடும்பப் பென்ஷன் பொதுவாக மனைவிக்குப் போகிறது. மணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு. காப்பீட்டுத் தொகை, நாமினி என்று அவர் எழுதிய பெயருக்கு. இரண்டு பேருக்கும் பங்கு எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வைத்த பிள்ளை, வீட்டில் ஒரு சண்டையை முன்கூட்டியே தீர்த்து வைத்தவன்.

மறுமணத்தைப் பற்றி ஒரு பழைய விதி இருந்தது. வீரப் பதக்கம் பெற்று இறந்தவரின் மனைவிக்கு, அந்தப் பதக்கத்துக்கென்று மாதம் ஒரு தொகை வரும். அவள் மறுமணம் செய்தால் தொகை நின்றுவிடும். இறந்த கணவரின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் மட்டும் நிற்காது! 2017 நவம்பரில் இந்த நிபந்தனையை அரசாங்கம் நீக்கியது. யாரை மணந்தாலும், மணக்காவிட்டாலும் அந்தத் தொகை அவள் ஆயுள் வரை வரும். இதைச் செய்ய ஏன் இத்தனை வருஷம் ஆயிற்று என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி இப்போது நாடெங்கும் எழுந்திருக்கிறது. 2022-ல் 'அக்னிவீர்' திட்டம் வந்தது. நாலு வருஷத்துக்கு மட்டும் படையில் சேரும் இளைஞர்கள் இவர்கள். பணியில் உயிர் போனால் 48 லட்சம் ரூபாய் காப்பீடு, 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகை, மீதி மாதங்களின் சம்பளம் என்று அறிவித்தார்கள். மாதாந்தரக் குடும்பப் பென்ஷன் இல்லை. தொகை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பொற்கிழி. உதிரப்பட்டி இல்லை.

எங்கே போய்க் கேட்பது?

மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒன்று இருக்கும். கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பெயர் 'முன்னாள் படைவீரர்' என்று இருப்பதால், பெண்கள் நமக்கில்லை என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அது தவறு. இறந்த வீரரின் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், தாய் தந்தையருக்கும் அதே ஆபீஸ்தான். கொடி நாள் வசூலும் அந்த ஆபீஸ் வழியாகவே நடக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, பெண்ணின் கல்யாணத்துக்கு உதவி, தொழில் பழக உதவி, காகிதம் எழுத உதவி எல்லாம் அங்கே கேட்கலாம். கல்லூரியில் தொழிற்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரில் ஓர் உதவித்தொகை உண்டு. 2019-ல் அதை ஆண் பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாயாகவும், பெண் பிள்ளைக்கு 3,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள்.

போகும்போது கணவரின் படை எண், பென்ஷன் உத்தரவு, இறப்புச் சான்று, கல்யாணச் சான்று, ஆதார், பாங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் போதும். பென்ஷன் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, உயிரோடு இருக்கிறேன் என்ற சான்று கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் நின்றுவிடும். பாட்டிமார்கள் பலர் இதில்தான் சிக்குகிறார்கள்.

பரங்கிமலை மைதானம்

சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி இருக்கிறது. பணியில் உயிர் நீத்த வீரர்களின் மனைவிமார்களுக்கு அங்கே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வயதிலும் சலுகை உண்டு. பயிற்சியில் சலுகை இல்லை. ஓட வேண்டும், ஏற வேண்டும், சுட வேண்டும்.

கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் காஷ்மீரில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்தார். மராட்டியத்துக்காரர். அவருடைய மனைவி சுவாதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பரங்கிமலைக்கு வந்தார். 2017 செப்டம்பர் 9-ந் தேதி அந்த மைதானத்தில் அணிவகுத்து லெப்டினென்ட் ஆனார்.

கல்வானில் பழனியோடு இறந்தவர்களில் நாயக் தீபக் சிங்கும் ஒருவர். மத்தியப் பிரதேசத்தில் ரேவா பக்கத்துக்காரர். காயம் பட்டவர்களுக்கு மருந்து கட்டும் வேலை அவருக்கு. தமக்கும் காயம் பட்ட பிறகும் மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கும் வீர் சக்கரம் கிடைத்தது. கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அவருடைய மனைவி ரேகா, பள்ளிக்கூட ஆசிரியை. தேர்வு எழுதினார். முதல் தடவை தேறவில்லை. மறுபடியும் எழுதினார். தேறினார். பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2023 ஏப்ரல் 29-ந் தேதி லெப்டினென்ட் ரேகா சிங் ஆனார்.

முதல் வேலைக்கு அவரை எந்த ஊருக்கு அனுப்பினார்கள் தெரியுமா? லடாக்குக்கு.